பல் வலிக்குக் காணொளிவழிப் பரிசோதனை: எதுவரை நம்பலாம்?

தண்டையார்பேட்டை மகள் (காலை 6.50)

அனைவருக்கும் வணக்கம். ஒரு குறையைச் சொல்லித்தான் இந்த இழையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் விஷயம் அறிந்தவர்களிடம் வழி கேட்பதற்காகவே எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்து இரண்டு மாதங்கள்தாம் ஆகின்றன. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவுக்கு இடப்பக்கக் கடைவாயில் வலி பிடித்துக்கொண்டது. கிராம்பை அடக்கிப் பார்த்தார், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துப் பார்த்தார். எதற்கும் அடங்காமல், விடியும்வரை கன்னத்தைக் கையால் தாங்கியபடியே உட்கார்ந்திருந்தார்.

படியிறக்கி அழைத்துச்செல்ல அஞ்சி, மறுநாள் காலை கைப்பேசிச் செயலி ஒன்றின் வழியாகப் பல் மருத்துவர் ஒருவரிடம் காணொளியில் காட்டினோம். அழைப்பு நான்கு நிமிடம்கூட நீடிக்கவில்லை. நான் டார்ச் அடித்துக் காட்டியதில் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் ஒரு கருங்குழி தெரிந்தது. "அதுதான் சொத்தை, ஐந்து நாளுக்கு மாத்திரை எழுதுகிறேன்" என்று ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும் ஒரு வலிநிவாரணியும் எழுதிக்கொடுத்தார். ஐந்து நாள்களும் அம்மா அவற்றை விழுங்கினார். ஆறாம் நாள் வலி இரட்டிப்பாகியது.

அதன்பிறகு என் சித்தி மகன்கள் இருவர் அம்மாவை நாற்காலியோடு தூக்கி இறக்க, ஆட்டோவில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம். எக்ஸ்ரே எடுத்தபோது கீழ்ப்பல்லில் இருந்தது பல ஆண்டுகளுக்கு முன்பே வளராமல் நின்றுபோன பழைய சொத்தை என்று தெரிந்தது. வலி வந்ததோ அதற்கு மேலே, கேப் போட்டிருந்த மேல்வரிசைப் பல்லிலிருந்து. கேப்புக்கு அடியில் சொத்தை புகுந்து நரம்புவரை போயிருந்தது. இன்னொன்றும் அங்கேதான் தெரிந்தது. இதயத் துடிப்புக் கோளாற்றுக்காக அம்மா இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அதோடு அந்த வலிநிவாரணியைச் சேர்த்திருக்கவே கூடாதாம். காணொளியில் பேசிய மருத்துவர் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

பல் விஷயத்தில் காணொளிப் பரிசோதனை என்பதே பொருந்தாத ஒன்றா, அல்லது எங்களுக்கு நடந்த விதம்தான் தவறா? எழுந்து நடமாட முடியாதவர்களை வீட்டில் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய கேள்வி.

பழைய வண்ணாரப்பேட்டைப் பல் மருத்துவர் (காலை 8.15)

சகோதரி, உங்கள் அம்மா பட்ட வேதனைக்கு வருந்துகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பகுதியில் பல் மருத்துவம் செய்கிறேன். 2020 ஊரடங்கில் மருத்துவமனையைத் திறக்க முடியாமலிருந்த வாரங்களில் கைப்பேசித் திரை வழியாகவே நோயாளிகளைப் பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்த குழப்பம் பல் வலிக்கே உரியது. பல்லின் உள்ளே இருக்கும் கூழ்ப்பகுதிக்கு வலி தெரியும், இடம் தெரியாது. இடம் சொல்லும் உணர்வு வேரைச் சுற்றியுள்ள சவ்வுக்குத்தான் உண்டு. அழற்சி வேர்நுனியைத் தாண்டி அந்தச் சவ்வைத் தொட்டபிறகே "இந்தப் பல்தான்" என்று நோயாளியால் விரல் வைத்துக் காட்ட முடியும். அதுவரை மேல்பல் வலி கீழ்ப்பல்லிலும், கீழ்ப்பல் வலி காதிலும் தோன்றும். அநேகமாக அது நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்துக்குப் போவதில்லை என்பது மட்டுமே எங்களுக்கு உள்ள ஆறுதல். ஆகவே நேரில் வந்தவரிடமும் நாங்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. கண்ணாடிக் கருவியின் காம்பால் ஒவ்வொரு பல்லையும் மெல்லத் தட்டுகிறோம், குளிர்ந்த பஞ்சை வைத்து உணர்ச்சியைப் பார்க்கிறோம், ஆட்டிப் பார்க்கிறோம், ஈறுக்கும் பல்லுக்கும் இடையே அளவுக்கம்பியை இறக்கி ஆழம் பார்க்கிறோம், பிறகு எக்ஸ்ரே. இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் தொடங்கும் சொத்தையை நேரில் பார்த்தாலும் பல நேரம் காண முடியாது. கேப்புக்கு அடியில் இருப்பதை எந்தக் கேமராவும் காட்டாது.

அப்படியானால் காணொளியில் என்ன மிஞ்சுகிறது? கேள்விகள் மிஞ்சுகின்றன. அவை சிறிய கருவியல்ல. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீர் என்று வந்து உடனே போய்விடுகிறதா, அல்லது ஒரு நிமிடத்துக்கு மேல் நின்று துடிக்கிறதா? முன்னதில் பல்லைக் காப்பாற்ற எளிய அடைப்பு போதுமானதாக இருக்கலாம். பின்னதில் நரம்பு மீள முடியாத நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். சூடு பட்டால் கூடி, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால் குறைகிறதா? படுத்தால் அதிகமாகித் தூக்கத்தைக் கலைக்கிறதா? கடிக்கும்போது வலிக்கிறதா, கடித்த வாயைத் திறக்கும்போது வலிக்கிறதா? திறக்கும்போது வலித்தால் பல்லில் கீறல் இருக்கலாம் என்று ஐயப்படுவேன்.

ஊரடங்கின்போது நோயாளியின் வீட்டில் இருந்தவரைக்கொண்டு நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். சிறு பனிக்கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றி, நல்ல பல்லில் தொடங்கி ஒவ்வொரு பல்லாகத் தொடச் சொல்வேன். பிறகு தேக்கரண்டியின் காம்பால் மெல்லத் தட்டச் சொல்வேன். நோயாளி எந்தப் பல்லில் கண்ணைச் சுருக்குகிறார் என்பதைத் திரையில் கவனிப்பேன். நோயாளியின் சொல்லைவிட அந்தச் சுருக்கம் துல்லியமானது. உங்கள் அம்மாவின் அழைப்பில் மேல்வரிசையிலும் இதைச் செய்திருந்தால் கேப் போட்ட பல் தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அப்போதும் அதை நோயின் முடிவாக நான் எழுதமாட்டேன். ஐயம் என்றே எழுதுவேன்.

காணொளியால் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. யார் இந்த இரவே புறப்பட வேண்டும், யார் இரண்டு நாளுக்குள் வர வேண்டும், யார் அடுத்த மாதம்வரை பொறுக்கலாம் என்ற மூன்று பிரிவை நல்ல வெளிச்சமும் நேர்மையான பதில்களும் இருந்தால் பெரும்பாலும் சரியாகப் பிரித்துவிட முடியும். உங்கள் மருத்துவர் அந்த எல்லையோடு நிற்காமல் நான்கு நிமிடத்தில் நோயையே முடிவு செய்துவிட்டார். தவறு அங்கேதான். மற்ற மாத்திரைகளைக் கேட்காமல் விட்டதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அதைக் கேட்பதற்குக் கேமராகூடத் தேவையில்லை.

காசிமேட்டுத் தாய் (காலை 9.40)

டாக்டர் சொன்ன மூன்று பிரிவுகளில் முதலாவது எங்கள் வீட்டில் நடந்தது, அதனால் எழுதுகிறேன். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. கீழ்ப்பல்லில் சொத்தை இருந்தது எங்களுக்குத் தெரியும். விழப்போகிற பல்தானே என்று விட்டுவைத்திருந்தோம். ஒரு விடுமுறை நாள் இரவு தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலும் வந்துவிட்டது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமியார் மஞ்சள் பற்றுப் போட்டார்.

மனம் கேட்காமல், எங்களுக்குத் தெரிந்த பல் மருத்துவர் அம்மா ஒருவரைக் காணொளியில் அழைத்தேன். அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே "வெளியிலிருந்து கழுத்தைக் காட்டுங்கள்" என்றார். பக்கவாட்டில் காட்டினோம். பிறகு நாக்கைத் தூக்கச் சொன்னார். அவனால் தூக்க முடியவில்லை. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கச் சொன்னார். விழுங்கத் தயங்கினான், எச்சில் வழிந்தது. அவ்வளவுதான். "மாத்திரை எதுவும் எழுதப்போவதில்லை, இப்போதே ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள், வழியில் படுக்க வைக்காதீர்கள், மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் பேசி முடித்த பத்தாவது நிமிடம் ஆட்டோவில் இருந்தோம். சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கி, நான்கு நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்த அம்மா எந்தப் பல் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் வீணாகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் எனக்கு உடல் நடுங்குகிறது.

பழைய வண்ணாரப்பேட்டைப் பல் மருத்துவர் (காலை 10.05)

அந்த மருத்துவர் செய்தது மிகச் சரியானது. தாடையின் அடியில் பரவும் சீழ் நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழலை அடைத்துவிடக்கூடும். நாக்கைத் தூக்க முடியாமை, விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை, கண்வரை ஏறும் வீக்கம், பல் பிடுங்கிய இடத்தில் அரை மணி நேரம் பஞ்சைக் கடித்தும் நிற்காத இரத்தம் ஆகிய எதற்கும் காணொளியில் நேரம் செலவிட வேண்டாம். மாடிப்படி ஏறினால் தாடை வலித்து, நின்றால் குறைகிறது என்று யாராவது சொன்னால் அது பல்லாக இல்லாமல் இதயமாக இருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

எண்ணூர்க்காரர் (காலை 11.20)

மதிப்பிற்குரிய டாக்டரின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒன்றை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். "இரண்டு நாளுக்குள் நேரில் வாருங்கள்" என்று சொல்வது எளிது. நான் ஒப்பந்தத் தொழிலாளி. எண்ணூரிலிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வந்து, அங்கிருந்து கோட்டை நிலையம் போய் இறங்க வேண்டும். காலையிலேயே சீட்டு வாங்கி, எக்ஸ்ரேக்கு ஒரு வரிசை, மருத்துவருக்கு ஒரு வரிசை என்று நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பஸ்ஸில் வந்தால் கண்டெய்னர் லாரிகளுக்கு இடையில் நெடுஞ்சாலையிலேயே பாதி நாள் கழியும். போய்ச் சேர்ந்தபின் "இது ஒன்றுமில்லை, ஈறு வீக்கம், சுத்தம் செய்துகொள்ளுங்கள், அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினால் அந்த மனிதன் அடுத்த முறை வலிக்கும்போது மருத்துவமனைப் பக்கம் போகவே மாட்டான். மருந்துக்கடையில் நின்று "பல் வலிக்கு இரண்டு மாத்திரை கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வான். எங்கள் தெருவில் நடப்பது இதுதான்.

ஆகவே காணொளியை நேரடிப் பரிசோதனையோடு ஒப்பிட்டுக் குறைசொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. எங்களுக்கு அது மருந்துக்கடைக்கு மாற்று. அந்த ஒப்பீட்டில் அது எவ்வளவோ மேல்.

பழைய வண்ணாரப்பேட்டைப் பல் மருத்துவர் (நண்பகல் 12.10)

ஐயா, நீங்கள் சொன்ன ஒப்பீட்டை நான் நினைத்துப் பார்க்கவில்லை, ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் கருத்தோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காணொளியில் முன்பே பேசிவிட்டு வருகிற நோயாளிக்கு இரண்டு பயணங்கள் ஒன்றாகக் குறைய வேண்டும். வேர் சிகிச்சை தேவைப்படலாம் என்று எனக்கு முன்பே ஐயம் இருந்தால், அதற்குரிய நேரத்தை ஒதுக்கி வைத்து, வருகிற அன்றே எக்ஸ்ரே எடுத்து முதற்கட்ட வேலையையும் முடித்து அனுப்ப முடியும். சர்க்கரை, இரத்த அழுத்தம், மாத்திரைகள், ஒவ்வாமை ஆகிய விவரங்களையும் முந்தைய நாளே வாங்கிக்கொள்ளலாம். அப்படிச் செய்யாமல் காணொளிக்கு ஒரு கட்டணம், "நேரில் வாருங்கள்" என்பதற்கு இன்னொரு கட்டணம் என்று வாங்குகிற முறை கூலி வேலை செய்பவரை ஏமாற்றுவதாகும் என்பதே என் கருத்து.

வியாசர்பாடிப் பல் மருத்துவ மாணவி (பிற்பகல் 1.30)

இறுதியாண்டு படிக்கிறேன். படம் எடுக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன்; ஏனெனில் எங்களுக்கு வரும் காணொளிகளில் பெரும்பாலானவற்றில் தெரிவது நோயாளியின் மேலண்ணமும் கைப்பேசியின் நிழலும்தான்.

நேரலைக் காணொளியைவிட அசையாப் படங்களே நோயைக் காண அதிகம் உதவுகின்றன. அழைப்பின்போது இணைய வேகத்துக்கு ஏற்பப் படத்தின் தெளிவு குறைக்கப்படுகிறது. பல்லில் உள்ள மெல்லிய கீறலும் வெண்புள்ளியும் முதலில் அதில்தான் தொலைகின்றன. 1994ஆம் ஆண்டிலேயே அமெரிக்க இராணுவத்தின் பல் மருத்துவர்கள், வாய்க்குள் செல்லும் சிறு கேமராவால் எடுத்த படங்களைத் தொலைபேசி இணைப்பு வழியாகத் தொலைவிலிருந்த சிறப்பு மருத்துவர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முதலில் படங்களை அனுப்பிவிட்டு, பிறகு பேசுவதற்காக மட்டும் அழைப்பது இன்றும் நல்ல வழி.

படம் எடுப்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். கைப்பேசியின் பின்பக்கக் கேமராவால் எடுக்க வேண்டும். முன்கேமரா கண்ணாடியைப் போல இடவலத்தை மாற்றிக் காட்டுவதால், அதைப் பார்த்துச் சொல்பவருக்கு எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வருகிறது. எங்கள் கணக்கில் கீழ்த்தாடையின் இடப்பக்க முதல் கடைவாய்ப்பல் 36, வலப்பக்கத்தது 46. இந்த இரண்டும் மாறிவிட்டால் என்னவாகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. அதனால் முதல் படத்தில் வலிக்கும் பக்கத்துக் கன்னத்தில் நோயாளி ஒரு விரலை வைத்திருக்கட்டும்.

சன்னலை நோக்கி நோயாளியை உட்கார வையுங்கள். டியூப்லைட்டுக்கு அடியில் ஈற்றின் நிறம் மாறித் தெரியும். சிவப்பா வெளிறலா என்பதே எங்களுக்குச் செய்தி என்பதால் பகல் வெளிச்சம்தான் நல்லது. பல்லை எச்சில் போகத் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள். ஈரம் பளபளத்தால் ஓட்டை மறைந்துவிடும். சாப்பாட்டுத் தேக்கரண்டியைக் கழுவி, அதன் குழிந்த பக்கம் பல்லைப் பார்க்குமாறு கன்னத்துக்குள் வைத்து மெல்ல வெளியே இழுத்தால் கடைசிப் பல்வரை தெரியும். வாயை முழுவதும் திறந்தால் கன்னத் தசை இறுகிக்கொள்ளும். பாதி திறந்தால்தான் தேக்கரண்டிக்கு இடம் கிடைக்கும். கைப்பேசியை வாய்க்கு மிக அருகில் கொண்டுபோகாமல் ஒரு சாண் தொலைவில் வைத்துப் பெரிதாக்கி எடுங்கள். அருகில் போனால் குவியம் கிடைக்காது.

தண்டையார்பேட்டை மகள் (பிற்பகல் 2.05)

மிக்க நன்றி அம்மா. தேக்கரண்டி விஷயம் எனக்குத் தெரியாது. நான் விரலால் கன்னத்தை இழுத்ததில் அம்மாவுக்கு வலித்ததுதான் மிச்சம். டாக்டரிடம் ஒரு கேள்வி: ஐந்து நாள் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லி ஏன் கொஞ்சமும் வேலை செய்யவில்லை?

பழைய வண்ணாரப்பேட்டைப் பல் மருத்துவர் (பிற்பகல் 2.40)

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். நரம்பு அழற்சியால் வரும் வலிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தே அல்ல. கடினமான சுவர்களுக்குள் அடைபட்ட கூழ் வீங்குவதால்தான் வலிக்கிறது. அந்த அழுத்தத்தை இறக்கப் பல்லைத் திறக்க வேண்டும் அல்லது எடுக்க வேண்டும். நரம்பு செத்துப்போன பல்லுக்குள் இரத்த ஓட்டமே இருக்காது. அங்கே மாத்திரை போய்ச் சேரவும் வழியில்லை. உடனடியாகப் பல் சிகிச்சை கிடைக்கக்கூடிய நிலையில் இத்தகைய வலிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி எழுத வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. காய்ச்சல், பரவும் வீக்கம் போன்றவை இருந்தால்தான் அது தேவை.

காணொளிப் பரிசோதனையில் எனக்குள்ள உண்மையான அச்சமும் இதுவே. கையில் கருவி இல்லாத மருத்துவருக்கு, நோயாளியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதே என்ற தவிப்பு வரும். அந்தத் தவிப்பில் எழுதப்படும் மருந்து பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லியாக இருக்கும். என்னிடமே அந்தத் தவிப்பு இருந்தது. 2020 ஏப்ரலில் நான் எழுதிய சீட்டுகளில் சிலவற்றை இன்று எழுதமாட்டேன்.

இராயபுரம் வழக்கறிஞர் (மாலை 4.00)

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று வெளியிட்டது. அது 1956ஆம் ஆண்டு மருத்துவ மன்றச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது. பல் மருத்துவர்களின் பதிவோ 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடந்துவந்தது. ஆனாலும் நோயாளி என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு அந்த வழிகாட்டுதல் நல்ல அளவுகோல். மருத்துவர் தம் பதிவெண்ணை மருந்துச் சீட்டில் குறிப்பிட வேண்டும். அழைப்பு போதாது, நேரில் பார்த்தாக வேண்டும் என்று தோன்றினால் அதைச் சொல்வது மருத்துவரின் கடமை. ஆலோசனையின் பதிவுகளையும் அவர் வைத்திருக்க வேண்டும். பதிவெண் இல்லாத சீட்டை வாங்காதீர்கள். எடுத்த படங்கள் எங்கே சேமிக்கப்படும் என்று கேட்பதற்கும் உங்களுக்கு உரிமை உண்டு.

காசிமேட்டு விசைப்படகுக் குடும்பத்தார் (மாலை 5.15)

எங்கள் ஆட்கள் கடலுக்குப் போனால் நாள் கணக்கில் தங்குகிறார்கள். கரையை விட்டுத் தள்ளிப் போய்விட்டால் கைப்பேசியில் சிக்னலே இருக்காது. காணொளி எங்கே வரும்? நடுக்கடலில் பல் வலி வந்தவரைப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வலை இழுப்பார்கள். ஆகவே எங்களுக்கு வேண்டியது கிளம்புவதற்கு முன் பார்ப்பது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில் எல்லாரும் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும்தான் இருப்பார்கள். வாய்ப் பரிசோதனை நடத்த அதைவிட நல்ல காலம் கிடையாது.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடை செய்யப்பட்டிருந்தாலும், பாக்கும் புகையிலையும் கலந்த மாவா போடும் பழக்கம் எங்கள் ஆட்களில் பலரை விடவில்லை. என் மைத்துனருக்குக் காரம் பட்டாலே வாய் எரிகிறது. இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் உள்ளே வைக்கிறார். காணொளியில் இதைப் பார்க்க முடியுமா?

வியாசர்பாடிப் பல் மருத்துவ மாணவி (மாலை 5.50)

பார்க்க முடியும் ஐயா; காணொளி மிக நன்றாகப் பயன்படும் இடங்களில் இதுவும் ஒன்று. அவருடைய மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு நடுவே நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். சாதாரணமாக மூன்று விரல் நுழையும். இரண்டுக்கே இடமில்லையென்றால் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகத் தொடங்கியிருக்கலாம். பாக்கு மெல்வதால் வருகிற, புற்றாக மாறும் வாய்ப்புள்ள நிலை அது. கார எரிச்சல் அதன் தொடக்க அடையாளங்களில் ஒன்று. இரண்டு கன்னங்களின் உட்புறம், நாக்கின் இரு விளிம்புகள், நாக்குக்கு அடி, மாவா அடக்கும் இடம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். துடைத்தாலும் போகாத வெண்படலம், செம்படலம், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நேரில் போயே ஆக வேண்டும். அங்கே சிறு துணுக்குச் சதையை எடுத்து ஆய்வுசெய்துதான் சொல்ல முடியும். படத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். வலி இல்லை என்பதற்காகவும் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் அது வலிப்பதில்லை.

கொருக்குப்பேட்டை ஆசிரியை (மாலை 6.30)

தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். காசிமேட்டுச் சகோதரி எழுதிய "விழப்போகிற பல்தானே" என்ற சொல்லை நான் ஒவ்வோர் ஆண்டும் பெற்றோரிடம் கேட்கிறேன். ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் விழுந்து முளைப்பதன்று. வாழ்நாள் முழுவதற்கும் அந்த ஒன்றுதான். எந்தப் பல்லும் விழாமல் புதிதாக ஒன்று பின்னால் முளைப்பதால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அதில் சொத்தை விழுந்துவிடுகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2010ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு முயற்சியைப் பற்றிப் படித்தேன். பயிற்சி பெற்ற பல் சுகாதாரப் பணியாளர்கள் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கையடக்க எக்ஸ்ரே கருவியோடும் கேமராவோடும் சென்று படங்களை எடுத்து அனுப்ப, மருத்துவர் தம் இடத்திலிருந்தே பார்த்து, யார் நேரில் வர வேண்டும் என்று முடிவு செய்கிறார். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ரயில்வே கேட்டைத் தாண்டி மருத்துவமனைக்கு வரிசையாக அழைத்துப்போக முடியாது. ஒரு வகுப்பறை சன்னலும், ஒரு கைப்பேசியும், படமெடுக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் ஒரே காலையில் ஒரு வகுப்பையே பார்த்துவிடலாம். பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குவது மட்டும் தவறக் கூடாது.

பெரம்பூர் ஓய்வுபெற்ற செவிலியர் (இரவு 7.45)

இழையை முழுவதும் படித்தேன். நல்லபடியாக முடிந்த ஒவ்வொரு நிகழ்விலும் நோயாளியின் பக்கத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்த ஒரு கை இருந்திருக்கிறது, அல்லது அந்தக் கையை மருத்துவர் பொறுமையாக வழிநடத்தியிருக்கிறார். தண்டையார்பேட்டை அம்மாவின் அழைப்பில் இரண்டும் இல்லை.

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்கள் எந்த மாடியில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சர்க்கரை நோயாளியின் ஈறு சீக்கிரம் கெடும்; ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. அவர்களுடைய பையில் ஒரு வாய்க்கண்ணாடியும் சிறு விளக்கும் சேர்ந்து, தேக்கரண்டி வைக்கும் பக்குவத்தை இரண்டு நாள் கற்றுக்கொடுத்தால் போதும் என்பது என் அனுபவத்தில் தோன்றுவது. என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்ற பட்டியலும் அவர்கள் கையிலேயே இருக்கிறது.

தண்டையார்பேட்டை மகள் (மறுநாள், காலை 10.40)

எல்லாருக்கும் நன்றி. ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கேப்புக்கு அடியில் பல் மிகவும் சிதைந்திருந்ததால் அதைக் காப்பாற்ற வழியில்லை என்றார்கள். அம்மாவின் இதய மருத்துவரைக் கலந்துகொண்டு மூன்று நாளுக்கு முன் பல்லை எடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். மாத்திரையை நாங்களாக நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பல் எடுத்த குழியை மூன்றாம் நாள் பார்க்க வேண்டும் என்றபோது, மறுபடியும் நாற்காலியா என்று நான் கலங்கினேன். அந்த மருத்துவரே "வேண்டாம், காணொளியில் காட்டுங்கள்" என்றார்.

இன்று காலை பத்து மணிக்கு, வெயில் உள்ளே வரும் சன்னலோரத்தில் அம்மாவை உட்கார வைத்தேன். மாணவி சொன்னபடி முதலில் படங்களை அனுப்பிவிட்டுப் பிறகு அழைத்தோம். கழுவிய தேக்கரண்டியை என்னிடமிருந்து வாங்கி அம்மாவே கன்னத்துக்குள் வைத்துக்கொண்டார். கையை அழுத்தாமல் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அவருக்குத்தான் தெரிகிறது. குழியில் கருஞ்சிவப்பாக இரத்தக்கட்டு அப்படியே இருந்தது. எலும்பு வெளியே தெரியவில்லை, சீழ் இல்லை, வீக்கம் இல்லை. மருத்துவர் எங்களிடம் எட்டுக் கேள்விகள் கேட்டார், நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவற்றில் மூன்று மாத்திரைகளைப் பற்றியவை. வரும் வியாழக்கிழமை தையல் பிரிக்க வேண்டும். அதற்கு மட்டும் அம்மாவைக் கீழே இறக்க வேண்டும். சித்தி மகன்களிடம் சொல்லிவிட்டேன்.